கையேடு எழுதுகிறவர்களின் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள்களுக்குக் கையேடும் உதவிப் பக்கங்களும் எழுதித் தர தன்னார்வலர்கள் தேவை என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து வந்தவை. எழுதுவது கஷ்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. டெவலப்பர்களிடமிருந்து விஷயத்தை வாங்குவதுதான் கஷ்டம் என்கிறார்கள். சில டெவலப்பர்களும் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் மனக்குறை இருக்கிறது. இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகளே.

கேள்வி: ஆறு மாதமாக ஒரு கட்டற்ற மென்பொருளுக்குக் கையேடு எழுதித் தருகிறேன். பள்ளி வேலை முடிந்து இரவில்தான் நேரம். புதிதாக வரப்போகும் ஒரு வசதியைப் பற்றி "இது எப்படி வேலை செய்கிறது, கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று அதை எழுதிய டெவலப்பருக்கு மெயில் அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம் ஒரே வரி வந்தது: "நிரலைப் பாருங்கள்." எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. விட்டுவிடலாமா?
(ஓர் ஆசிரியை, ஈரோடு)

பதில்: விட்டுவிடாதீர்கள், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். "விளக்க முடியுமா" என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது, பதில் சொல்ல ஒரு மணி நேரமாகும். அந்த டெவலப்பரும் உங்களைப் போலவே வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிறவராக இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பிழையைச் சரிசெய்துவிடலாமே என்று நினைப்பார், உங்கள் மெயிலை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பார், அது அப்படியே அடியில் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வசதியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்கு, புதிதாக வருகிறவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று தெரியவே தெரியாது. எங்கே ஆரம்பிப்பது என்று புரியாமல்தான் பெரும்பாலும் "நிரலைப் பார்" என்று சொல்லிவிடுகிறார்கள். திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நீங்களே அந்த வசதியை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு கிடைக்கும். லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளை எடுத்துக்கொண்டால், தினசரி பில்டை (அன்றன்றைய நிரலிலிருந்து தயாராகும் பதிப்பை) இறக்கி நிறுவினால் அது 'லிப்ரெஆபிஸ்டெவ்' என்று தனிப் பெயரில் உட்காரும், நீங்கள் தினமும் பயன்படுத்தும் லிப்ரெஆபிஸ் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். அதில் ஒரு மணி நேரம் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள், பெட்டிகளை வெற்றாக விட்டுப் பாருங்கள், எண் கேட்கும் இடத்தில் 0 போட்டுப் பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் அந்த டெவலப்பருக்கு இப்படி எழுதுங்கள்:

"ஏற்றுமதிப் பெட்டிக்கான பக்கத்தை எழுதியிருக்கிறேன், கீழே இருக்கிறது. மூன்று சந்தேகம். கடவுச்சொல் இடத்தை வெற்றாக விட்டால் எச்சரிக்கை எதுவும் வராமல் கோப்பு பூட்டில்லாமலே சேமிக்கப்படுகிறது. இது இப்படித்தான் இருக்க வேண்டுமா? தொடக்கப் பக்கம் 0 என்று கொடுத்தால் முழு ஆவணமும் போகிறது. இதை நம்பிக் கையேட்டில் எழுதலாமா? நான் லினக்ஸில் மட்டும்தான் பார்த்தேன், விண்டோஸிலும் மெனுவின் பெயர் இதேதானா?"

இதற்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். தன் வேலையைப் பற்றி யாரோ தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் அவரால் முடியாது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி மூன்று கேள்வி அனுப்பியபோது, அதுவரை ஒரு மெயிலுக்கும் பதில் போடாத ஒருவர் அரை மணி நேரத்தில் எழுதினார். முதல் கேள்விக்கு அவர் பதில்: "அது பிழை, இப்போதே சரிசெய்கிறேன்." அன்றிலிருந்து தான் எழுதும் ஒவ்வொரு புதிய வசதியையும் அவரே எனக்குத் தெரியப்படுத்த ஆரம்பித்தார்.

கேட்கும் இடமும் முக்கியம். தனி மெயிலில் கேட்காதீர்கள். அந்த வசதிக்காகத் திறந்திருக்கும் இஷ்யூவிலேயே, அதாவது பிழைகளையும் கோரிக்கைகளையும் எல்லோரும் பார்க்கப் பேசும் பதிவிலேயே, கேளுங்கள். டெவலப்பர் ஊருக்குப் போயிருந்தாலும் அதைச் சோதித்த இன்னொருவர் பதில் சொல்வார். அடுத்த வருடம் அதே சந்தேகம் வருகிறவருக்கும் அந்தப் பதில் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதவே தெரியாது. ஆவணம் எழுத வந்தால் தொந்தரவாகத்தான் இருப்பேனோ?
(ஒரு வங்கி ஊழியர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. நிரல் தெரியாதவர் கண்ணுக்குத்தான் சில ஓட்டைகள் தெரியும். ஒரு பொத்தானை விளக்க உங்களுக்கு மூன்று பத்தி தேவைப்படுகிறது என்றால் அந்தப் பொத்தானில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதை எழுதிச் சமாளிக்காமல் இஷ்யூவாகப் போடுங்கள். "இதைப் பயனருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு இடத்தில் ஒரே பெயர் இருக்கிறது" என்று எழுதினால் போதும். நல்ல டெவலப்பர்கள் இதை மதிப்பார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில், மேன் பக்கத்தில் (கூடவே வரும் கையேட்டுப் பக்கத்தில்) தவறு இருந்தால் அதை நிரலில் உள்ள பிழைக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குணம் எல்லாத் திட்டத்துக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: ரிலீஸ் வந்த பிறகுதான் மெனு மாறியதே எனக்குத் தெரிகிறது. என் கையேட்டில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பழசு. பயனர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். பெரிய திட்டங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: எல்லாக் கடிதங்களிலும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். 2017இல் கிட்ஹப் நடத்திய திறமூல ஆய்வில், ஆவணங்கள் அரைகுறையாகவோ பழசாகவோ இருப்பது ஒரு பிரச்சினை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். எழுத ஆள் இல்லாதது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை, ஆள் இருக்கும் இடத்திலும் ஆவணம் பழசாகிறது; மாறியது என்ன என்ற செய்தி எழுதுகிறவருக்கு நேரத்தோடு போய்ச் சேருவதில்லை. "டெவலப்பர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று கெஞ்சி இது நடந்ததே இல்லை. சொல்லாமல் வேலை நகராது என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும்.

சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் அந்த ஏற்பாடு கறாரானது. வருடத்துக்கு மூன்று வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டுக் குழுவிலும் ஆவணங்களைக் கவனிக்கவே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். ஒரு டெவலப்பர் தன் வசதி இந்த வெளியீட்டில் போக வேண்டும் என்றால், அதற்கு ஆவணம் தேவைப்படும் பட்சத்தில், குறிப்பிட்ட தேதிக்குள் ஆவணக் களஞ்சியத்தில் (ஆவணக் கோப்புகள் இருக்கும் இடத்தில்) ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'இந்த மாற்றத்தைச் சேருங்கள்' என்ற கோரிக்கை, திறந்தாக வேண்டும். உள்ளே எதுவும் எழுதியிருக்க வேண்டியதில்லை, ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி வெற்றாகத் திறந்து வைத்தால் போதும். அதன் பிறகு எழுதி முடிக்க ஒரு தேதி, ரிவ்யூ முடிய ஒரு தேதி. தேதி தவறினால் அந்த வசதியையே வெளியீட்டிலிருந்து எடுத்துவிடலாம். அந்த வெற்றுப் புல் ரிக்வெஸ்டின் அருமை என்னவென்றால், எழுதுகிறவர்கள் யாரையும் துரத்த வேண்டியதில்லை. வெளியீட்டுக்குப் பல வாரம் முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்து, என்னென்ன வருகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் வேறு வழி. ஆவணமும் நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. புதிய வசதியைக் கொண்டுவருகிறவர் அதற்கான ஆவணத்தையும், எந்தப் பதிப்பில் வந்தது என்ற குறிப்பையும், வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரியையும் சேர்த்தே தர வேண்டும். தராவிட்டால் டிக்கெட்டில் (இஷ்யூவுக்கு அங்கே அதுதான் பெயர்) "ஆவணம் தேவை" என்று ஒரு கொடி ஏறும், அது இறங்கும் வரை மெர்ஜ் ஆகாது, அதாவது திட்டத்தின் நிரலோடு சேராது. அந்தத் திட்டத்தின் ஆவணத்தை எல்லோரும் புகழ்கிறார்களே, அதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

லினக்ஸின் திரைச்சூழலான க்னோம் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருகிறது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன் திரையில் தெரியும் எதையும் மாற்றக் கூடாது என்று உறையவைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்றால் வெளியீட்டுக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், ஆவணக் குழுவுக்கும் சொல்ல வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு திட்டத்துக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் எழுதினேன், 14 ஸ்கிரீன்ஷாட். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வசதியையே பின்வாங்கிவிட்டார்கள், எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பக்கம் வெளியாகிவிட்டது, இல்லாத மெனுவைத் தேடி மக்கள் அலைந்தார்கள். அன்றிலிருந்து வார்த்தைகளை முன்கூட்டி எழுதுகிறேன், படங்களைத் திரை உறைந்த பிறகே எடுக்கிறேன். படம் இல்லாமல் சொல்ல முடிகிற இடத்தில் படமே வைப்பதில்லை.

உங்கள் திட்டம் சின்னது என்றால் குபர்னெட்டீஸ் மாதிரி தேதிகள் எல்லாம் தாங்காது. ஜாங்கோவின் கொடியை மட்டும் கேட்டு வாங்குங்கள். "ஆவணம் தேவை" என்று ஒரு லேபிள், வாரம் ஒரு நாள் அதைத் திறந்து பார்க்க ஒருவர். அந்த ஒருவர் இல்லாவிட்டால் லேபிள் இருந்தும் பயனில்லை. யாரும் பார்க்காத லேபிள்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறேன். ஆவணம் எழுத ஆர்வமாக வருகிறார்கள், இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், காணாமல் போகிறார்கள். என் தப்பு எங்கே?
(ஒரு டெவலப்பர், கோவை)

பதில்: உங்களைப் பார்க்காமல் சொல்வது சரியில்லை. ஆனால் போனவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன், அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: எழுதி அனுப்பினேன், 40 நாள் யாரும் பார்க்கவில்லை. நிரலுக்கான புல் ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டு நாளில் பார்க்கிறீர்கள், ஆவணத்துக்கு வந்தால் "அவசரம் இல்லை" என்று தள்ளிவைக்கிறீர்கள். முதல் முறையாக ஒருவர் அனுப்பும் பக்கத்தை மூன்று நாளுக்குள் பார்த்துவிடுங்கள். முழு ரிவ்யூ முடியாவிட்டால் "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விவரமாக எழுதுகிறேன்" என்றாவது எழுதுங்கள்.

ரிவ்யூவில் தகவல் பிழையையும் நடைப் பிழையையும் கலக்காதீர்கள். டெவலப்பரிடமிருந்து எழுதுகிறவருக்கு வேண்டியது "இது உண்மையா" என்பதற்குப் பதில். "இந்த இடத்தில் இயல்பு மதிப்பு 30 இல்லை, 60" என்று நீங்கள் சொன்னால் அவர் சந்தோஷமாகத் திருத்துவார். அவர் எளிமையாக எழுதிய வாக்கியத்தை நீங்கள் உங்களுக்குப் பிடித்த மாதிரி முறுக்கி மாற்றினால், அதுவும் சொல்லாமல் மாற்றிவிட்டு மெர்ஜ் செய்தால், அவர் திரும்ப வர மாட்டார். ஒரு பக்கத்தில் நடைக் குறிப்பு எழுதி வைத்துவிட்டால் இந்தச் சண்டையே வராது: "கிளிக் செய்யவும்" என்பதா "சொடுக்கவும்" என்பதா, மெனுப் பெயர்களை எப்படிக் காட்டுவது, அவ்வளவுதான்.

வேலையையும் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். "ஆவணங்களை மேம்படுத்த உதவுங்கள்" என்று போட்டால் யாருக்கும் எங்கே கை வைப்பது என்று தெரியாது. "நிறுவும் பக்கத்தில் உபுண்டு 24.04க்கான கட்டளைகளை ஓட்டிப் பார்த்து, வேலை செய்யாததைக் குறித்து அனுப்புங்கள்" என்று போட்டால் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடியும். வெளியீட்டுக் குறிப்பில் பங்களித்தவர்கள் பெயரைப் போடும்போது ஆவணம் எழுதியவர் பெயரையும் அதே வரிசையில் போடுங்கள், கீழே தனியாக "நன்றி" என்று ஒதுக்காமல்.

கேள்வி: ஆவணத்தை நிரலோடு கிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியில்) வைப்பதா, விக்கியில் வைப்பதா? எங்கள் குழுவில் இதுவே பெரிய தகராறு.
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: யார் எழுதுகிறார்களோ அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். டெவலப்பர்களே எழுதும் குறிப்புகள் நிரலோடு இருக்கட்டும். அப்போது நிரலை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்டில் ஆவணமும் மாறும், பழைய பதிப்புக்குப் பழைய ஆவணம் அப்படியே நிற்கும். ஆனால் கிட் தெரியாதவர்கள்தான் உங்களிடம் அதிகம் என்றால் அவர்களை ரீபேஸும் மெர்ஜ் சிக்கலும் படிக்க வைத்து அலுக்க வைக்காதீர்கள். லிப்ரெஆபிஸ் வழிகாட்டி நூல்களைத் தன்னார்வலர்கள் லிப்ரெஆபிஸ் ரைட்டரிலேயே எழுதுகிறார்கள், அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியோடு ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறார். மென்பொருளுக்கு உள்ளே வரும் உதவிப் பக்கங்கள் மட்டும் தனியாக, நிரல் மாதிரியே களஞ்சியத்தில் இருக்கின்றன. எனக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. கிட்டிலேயே வைப்பதாக முடிவானால், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும் முன்னோட்டத்தை ஏற்பாடு செய்யுங்கள். ரீட் த டாக்ஸ் மாதிரியான சேவைகளில் அது இருக்கிறது. எழுதியவர் தன் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதித் தவறை அவரே திருத்திவிடுவார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் நிரலைக் கொடுத்து ஆவணம் எழுதச் சொன்னால் என்ன? தன்னார்வலர்களே தேவையில்லையே?
(ஒரு மாணவர், திருச்சி)

பதில்: முதல் வரைவுக்கு உதவும். ஆனால் இல்லாத ஆப்ஷனை இருப்பதாக அது அழகாக எழுதிவிடும், படிக்கிறவர் நம்பிவிடுவார். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மனிதர் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். உங்கள் திட்டம் ரஸ்ட் மொழியிலோ பைத்தான் மொழியிலோ இருந்தால் ஆவணத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டு நிரல்களை, நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்டுகளோடு சேர்த்து ஓட வைக்கலாம், நிரல் மாறி எடுத்துக்காட்டு உடைந்தால் அன்றே தெரியும். இதை யார் எழுதினாலும் செய்ய வேண்டும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மென்பொருளின் ஆவணத்தைத் தமிழாக்குகிறோம். ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஆங்கிலப் பக்கம் மாறிவிடுகிறது. எது மாறியது என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போகிறது.
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முழுப் பக்கத்தைக் கோப்பாக எடுத்து மொழிபெயர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முறையில் இந்தத் தொல்லை தீராது. பத்தி பத்தியாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே தமிழ் வைக்கும் பிஓ கோப்பு முறைக்கு மாறச் சொல்லிக் கேளுங்கள். பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்தி மட்டும் 'மறுபடி பார்க்கவும்' என்று குறியோடு வந்து நிற்கும். நீங்கள் பார்க்கும் வரை வாசகருக்கு அந்த இடத்தில் ஆங்கிலம் தெரியும், மற்றதெல்லாம் தமிழில் இருக்கும். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் இதைப் போட்டால் நாலு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். இது முடியாவிட்டால், தமிழ்ப் பக்கத்தின் தலையில் அது ஆங்கிலத்தின் எந்தக் கமிட்டை (கிட்டில் பதிவான எந்த நிலையை) பார்த்து எழுதப்பட்டது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அந்தக் கமிட்டுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியீட்டுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் காற்புள்ளியைச் சரிசெய்யாதீர்கள். நீங்கள் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் உலகம் முழுக்க எல்லா மொழியிலும் அந்தப் பத்தி திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஆவணம் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு எழுத வராது, நேரமும் இல்லை. எழுதுகிறவர்களுக்கு நான் குறைந்தபட்சம் என்ன கொடுத்தால் போதும்?
(ஒரு டெவலப்பர், பெங்களூர்)

பதில்: ஐந்து வரி. புல் ரிக்வெஸ்டின் விளக்கத்திலேயே, நிரலை முடித்த அன்றே எழுதுங்கள், பத்து நாள் கழித்தால் உங்களுக்கே மறந்திருக்கும். இலக்கணம் பார்க்க வேண்டாம். இந்த அளவு போதும்:

"கோப்பைச் சேமிக்கும் எல்லாப் பயனருக்கும் இது தெரியும். முன்பு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும், இப்போது நேரத்தைப் பயனரே மாற்றலாம். அமைப்புகளில் 'சேமிப்பு' தாவலில் இரண்டாவது பெட்டி. எதுவும் மாற்றாவிட்டால் பழையபடி 10தான், 0 போட்டால் தானாகச் சேமிப்பது நின்றுவிடும். சோதித்துப் பார்க்க 1 என்று போட்டு, எதையாவது தட்டச்சு செய்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள்."

இதை வைத்துக்கொண்டு ஈரோட்டு ஆசிரியை மாதிரி ஒருவர் அன்று இரவே ஒரு பக்கம் எழுதிவிடுவார்.